புதுக் கணினி தயார், திரை மட்டும் கறுப்பு: குறை அட்டையிலா, இயக்கியிலா?

ஆயர் ஈத்தாம் – கணினிச் சில்லு பினாங்குக்குப் புதிதல்ல. ஆயர் ஈத்தாமிலிருந்து பாயா தெருபோங் மலைச்சாலையில் ஏறி இறங்கினால் பாயான் லெப்பாஸ் பக்கம் போய்விடலாம். இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு நிறுவனங்களும் 1972ஆம் ஆண்டிலேயே பினாங்கில் தொழிற்சாலை தொடங்கிவிட்டன. ஆனாலும் சில்லுகளைப் பூட்டிச் சோதித்து உலகுக்கு அனுப்பும் இந்த ஊரிலும், வீட்டில் பாகம் பாகமாகப் பூட்டிய கணினி ஒன்று திடீரெனக் கறுப்புத் திரையைக் காட்டினால் குடும்பமே கலங்கிப் போகிறது.

கலக்கத்துக்குக் காரணம் உண்டு. அத்தகைய கணினியில் பெரும்பாலும் அதிக விலை கொடுத்து வாங்கும் பாகம் வரைகலை அட்டை, அதாவது கிராபிக்ஸ் கார்டு. படம் வரையவும் காணொளி தொகுக்கவும் படிக்கும் பிள்ளைக்காக, பெற்றோர் பல மாதம் சேமித்து வாங்கியதாக இருக்கலாம். கடைக்காரர் புதிய அட்டையாக மாற்றித் தரும் அவகாசமோ பெரும்பாலும் சில நாள்தான். அதற்குள் குறை அட்டையிலா, அதை இயக்கும் மென்பொருளிலா என்று தெரிந்தாக வேண்டும். நல்ல அட்டையைக் குறை என்று திருப்பிக் கொடுத்தால் அலைச்சல் மிச்சம். குறையுள்ள அட்டையை மென்பொருள் கோளாறு என்று நினைத்து நாளைக் கடத்தினால் பணம் நட்டம்.

இயக்கி என்பது என்ன?

விண்டோஸ் ஒரு மொழி பேசுகிறது. அட்டையில் உள்ள சில்லு வேறு மொழி பேசுகிறது. இரண்டுக்கும் நடுவே நின்று மொழிபெயர்த்துச் சொல்லும் மென்பொருள்தான் 'டிரைவர்' எனப்படும் இயக்கி. சில்லு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால், விண்டோஸ் அந்த இயக்கியை நிறுத்தி மறுபடியும் தொடங்க முயலும். விளையாடும்போது திரை ஒரு கணம் கறுத்து மீண்டும் வருவதன் காரணம் பல நேரங்களில் இதுதான்.

முதல் கேள்வி: எப்போது கறுக்கிறது?

கணினியை முடுக்கியவுடன் தாய்ப்பலகை நிறுவனத்தின் சின்னமோ பயோஸ் பக்கமோ திரையில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நிலையில் விண்டோஸ் இயக்கி இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது. ஆகவே அப்போதே படம் வரவில்லை என்றால் பழியை இயக்கி மீது போட முடியாது. சின்னம் தெரிந்து, விண்டோஸ் வரும் நேரத்தில் கறுத்தால் இயக்கியைச் சந்தேகிக்கலாம்.

படமே வராதபோது பார்க்க வேண்டியவை எளியவை. திரையின் கம்பி தாய்ப்பலகையில் அல்லாமல் வரைகலை அட்டையில்தான் செருகப்பட்டுள்ளதா? புதிதாகக் கணினி பூட்டுவோர் அடிக்கடி செய்யும் தவறு இது. பெயரின் இறுதியில் 'எஃப்' எழுத்துள்ள இன்டெல் செயலிகளில் உள் வரைகலை கிடையாது என்பதால், தாய்ப்பலகைத் துளையில் செருகினால் ஒன்றுமே தெரியாது.

அடுத்தது மின்சாரம். அட்டை செருகும் பள்ளம் 75 வாட் வரைதான் தரும். 8 முனை கொண்ட கூடுதல் இணைப்பு ஒவ்வொன்றும் 150 வாட் தரும். அந்த இணைப்பை மறந்தாலும், முழுமையாக அழுத்தாமல் விட்டாலும் அட்டை வேலை செய்யாது. கணினியை அணைத்து, சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கிய பிறகே அட்டையைக் கழற்றி மீண்டும் 'கிளிக்' என்ற ஒலி வரும்வரை அழுத்திப் பொருத்த வேண்டும். பல தாய்ப்பலகைகளில் 'விஜிஏ' என்று குறித்த சிறு விளக்கு உண்டு. அது அணையாமல் எரிந்தால், தாய்ப்பலகை வரைகலை அட்டையைச் சரியாகக் காணவில்லை என்று பொருள்.

இயக்கிதான் என்றால்

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தலாம். அது வரைகலை இயக்கியை மட்டும் மீண்டும் தொடங்கும். திறந்திருக்கும் கோப்புகள் மூடப்படா.

பிறகு 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் அட்டையின் பெயரைப் பார்க்க வேண்டும். பெயருக்குப் பதிலாக 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தால் உரிய இயக்கி இன்னும் ஏறவில்லை. மஞ்சள் குறியும் 'கோட் 43' என்ற அறிவிப்பும் இருந்தால், அட்டை தனக்குக் கோளாறு என்று தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்துள்ளது. இதற்கு இயக்கியும் காரணமாகலாம், அட்டையும் காரணமாகலாம்.

பழைய கணினியின் எஸ்எஸ்டியை அப்படியே புதியதில் மாட்டியவர்களுக்குப் பழைய அட்டையின் இயக்கி மிச்சமிருந்து தொல்லை தரக்கூடும். சரியான அட்டையின் இயக்கியை என்விடியா, ஏஎம்டி அல்லது இன்டெல் நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்து முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும். அடுத்து இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். இல்லாவிட்டால் இடையில் விண்டோஸ் தானாகவே வேறு பதிப்பை ஏற்றிவிடலாம். 'சேஃப் மோட்' நிலையில் 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவச மென்பொருளால் பழையதைத் துடைத்து, கணினியை மீண்டும் தொடங்கிப் புதியதை ஏற்றலாம். தாய்ப்பலகையின் 'சிப்செட்' இயக்கியையும் மறக்கக் கூடாது.

அப்படியும் திரை விட்டுவிட்டுக் கறுத்தால் நினைவகத்தைச் சோதிக்க வேண்டும். நினைவகத்தைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் 'எக்ஸ்எம்பி' அல்லது 'எக்ஸ்போ' அமைப்பு நிலையாக இல்லாவிட்டால், அது இயக்கிக் கோளாறு போலவே தோன்றும். பயோஸில் அதை அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

2025 தந்த பாடம்

புதிய பதிப்பு எப்போதும் நல்ல பதிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. 2025 ஜனவரி இறுதியில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை அட்டைகள் விற்பனைக்கு வந்தன. அதன் பின் கறுப்புத் திரை புகார்கள் உலகெங்கும் எழுந்தன. நிறுவனம் அடுத்தடுத்துத் திருத்தப் பதிப்புகளை வெளியிட்டது. ஏப்ரலில் வந்த 576.02 பல பிழைகளைச் சரிசெய்தது. ஆனால், கணினி உறக்க நிலையிலிருந்து எழுந்த பிறகு அட்டையின் வெப்பத்தைச் சரியாகக் காட்டாத புதுப் பிழை ஒன்று அதில் நுழைந்தது. அதைத் திருத்த, சில நாளிலேயே 576.15 வந்தது. அட்டைக்கு ஒத்துவரும் முந்தைய பதிப்பு இருந்தால், அதற்கே திரும்புவது தவறில்லை.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. அவ்வரிசையில் சில அட்டைகள், இருக்க வேண்டிய சில உட்பிரிவுகள் குறைந்தே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன. பாதிக்கப்பட்டவை சுமார் 0.5 விழுக்காடு என்றும், அவற்றை மாற்றிக்கொள்ளலாம் என்றும் 2025 பிப்ரவரியில் என்விடியா அறிவித்தது. 'ஜிபியு-இசட்' என்ற இலவச மென்பொருளில் ஆர்டிஎக்ஸ் 5090 அட்டைக்கு 176 'ஆர்ஓபி' காட்ட வேண்டும். குறையுள்ளவை 168 என்றே காட்டின. எந்த இயக்கியும் இதைச் சரிசெய்யாது. ஒரே வரிசை அட்டைகளில் ஒரே காலத்தில் இரு வகைக் குறையும் இருந்தன என்பதே கவனிக்க வேண்டியது.

பழைய அட்டை வாங்குவோர் கவனத்திற்கு

ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசை அட்டைகளுக்கான வழக்கமான விளையாட்டு இயக்கிப் பதிப்புகளை என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குமுன் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். வேறு பெயர் பொறித்த போலி அட்டைகளும் சந்தையில் உண்டு. அவற்றில் பலவற்றை 'ஜிபியு-இசட்' காட்டிக் கொடுத்துவிடும்.

குறை அட்டையில்தான் என்றால்

நண்பரின் கணினியில் மாட்டிப் பார்ப்பதே தெளிவான சோதனை. அங்கும் அதே கோளாறு வந்தால் அட்டையை உடனே கடைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ரசீது, பெட்டி, வரிசை எண், கறுப்புத் திரையின் காணொளி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது நல்லது. கடை மறுத்தால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. இணையத்தில் கடையிடம் வாங்கிய பொருளுக்கும் இது பொருந்தும்.

எனவே திரை கறுத்தவுடன் பதற வேண்டாம். எந்த நேரத்தில் கறுக்கிறது என்று முதலில் கவனித்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இயக்கியைச் சரிசெய்யவும், அட்டையை மாற்றக் கடைக்காரரிடம் பேசவும் அந்தக் குறிப்பே கைகொடுக்கும்.