1870 என்னும் சுவர்

உங்கள் தாத்தாவின் பெயர் உங்களுக்குத் தெரியும். அவருடைய தாத்தாவின் பெயர்? வீட்டுப் பெரியவர் யாரேனும் சொல்லக்கூடும்; பழைய பத்திரம் ஒன்றில் கிடைத்தாலும் கிடைக்கும். அமெரிக்காவில் வாழும் கறுப்பின மாணவன் ஒருவன் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே பின்னோக்கிப் போனால், பெரும்பாலும் 1870-ஆம் ஆண்டில் போய் முட்டிக்கொள்வான். வம்சாவளி தேடுவோர் அதைச் சுவர் என்றே சொல்கிறார்கள்.

அது என்ன சுவர்? அந்நாட்டில் பத்தாண்டுக்கு ஒரு முறை சென்சஸ் எடுக்கிறார்கள். 1850-லும் 1860-லும் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் எழுதினார்கள். அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே, வயது 34, பெண், கறுப்பு. வயது 9, ஆண், கறுப்பு என்று வரிசை போகும். மிகச் சில இடங்களைத் தவிர, பெயர் இராது. 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. அதற்குப் பின் வந்த முதல் சென்சஸ் 1870-ஆம் ஆண்டினது. ஏறத்தாழ 40 லட்சம் பேராக இருந்த அம்மக்கள் அப்போதுதான் பெயரும் குடும்பப் பெயருமாகச் சென்சஸ் ஏட்டில் ஏறினார்கள்.

சுவருக்கு அப்பால் காகிதமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். உயில்கள், விற்பனைப் பத்திரங்கள், இறந்துபோன முதலாளியின் சொத்துக் கணக்குகள் எல்லாம் இருக்கின்றன. மாடு, ஏர், மரப்பெட்டி ஆகியவற்றோடு மனிதர்களும் விலை போட்டு எழுதப்பட்டிருக்கிறார்கள். சிலவற்றில் வெறும் முதற்பெயர் மட்டும் வரும். 'மேரி' என்றால் எந்த மேரி? அங்கேதான் காகிதம் கைவிடுகிறது. அங்கேதான் டி.என்.ஏ. கைகொடுக்கிறது.

எப்படி? உங்கள் உயிரணுவில் 23 ஜோடி குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா தந்தது, மற்றொன்று அப்பா தந்தது. ஆனால் அம்மா தமக்கு வந்ததை அப்படியே எடுத்துத் தருவதில்லை. தம் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டையும் இயற்கை ஆங்காங்கே வெட்டி, மாற்றி ஒட்டி, புதிதாக ஒன்று செய்து தருகிறது. கொள்ளுப்பாட்டியின் பட்டுப்புடவையைத் தலைமுறைதோறும் கிழித்துப் பங்கு போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்பின் அறியாத இருவரிடம் ஒரே சரிகைக் கரையுள்ள துண்டு இருந்தால், இரண்டும் ஒரே புடவையிலிருந்து வந்திருக்க வேண்டும். துண்டு நீளமாக இருந்தால் உறவு அண்மையது. குறுகியிருந்தால் தூரத்து உறவு.

ஒரு சிறு கணக்கு. இரண்டு பெற்றோர், நான்கு தாத்தா பாட்டிகள், எட்டு, பதினாறு என்று பெருக்குங்கள். பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 இடங்கள். அத்தனை பேரும் ரத்தத்தில் முன்னோரே. ஆயினும் அவர்களில் பலருடைய டி.என்.ஏ. ஒரு துணுக்குக்கூட உங்களிடம் வந்து சேர்ந்திராது! ஆகவே துண்டு இருந்தால் உறவு உண்டு. துண்டு இல்லை என்பதால் உறவு இல்லை என்று சொல்ல முடியாது.

இனி மேரிலாந்து மாநிலத்துக்குப் போவோம். அங்கே கடோக்டின் என்னும் மலையடிவாரத்தில் 1776 முதல் ஓர் இரும்பு உருக்காலை நடந்தது. தொடக்க காலத்தில் அங்கு உழைத்தவர்களில் பெரும் பகுதியினர் அடிமைகள். பின்னர் ஐரோப்பாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் அவர்களுடைய இடத்துக்கு வந்தார்கள். பழைய மக்கள் எங்கே போனார்கள் என்பதை ஊர் மறந்துவிட்டது. நெடுஞ்சாலை வேலைக்காக 1979-80-ல் தோண்டியபோது அவர்களுடைய இடுகாடு வெளிப்பட்டது. கல்லறைகளில் பெயர் இல்லை. எலும்புகள் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குச் சென்றன.

நாற்பது ஆண்டுகள் கழித்து விஞ்ஞானிகள் அவர்களில் 27 பேருடைய டி.என்.ஏ.யைப் படித்தார்கள். இதற்குக் காதின் உட்பகுதியைச் சூழ்ந்த எலும்பு மிகவும் ஏற்றது. உடலிலேயே அடர்த்தியான எலும்பு அது, டி.என்.ஏ. அதில் நீண்ட காலம் தங்கும். ஐந்து குடும்பங்கள் புலப்பட்டன. தாயும் பிள்ளைகளும், உடன்பிறந்தோரும் அருகருகே புதைக்கப்பட்டிருந்தார்கள். விற்றுப் பிரிக்கப்படும் அச்சத்திலேயே வாழ்ந்தவர்கள் சாவில் தங்கள் குடும்பத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் அவர்களுக்கு நெருங்கியவர்கள் மேற்கே உள்ள வோலோஃப், மாண்டிங்கா மக்களும் நடுப்பகுதியின் காங்கோ மக்களும் என்றும் தெரிந்தது.

பின்னர், 23அண்ட்மீ என்னும் கம்பெனியில் சோதனை செய்துகொண்டு ஆய்வுக்கு இசைந்த சுமார் 93 லட்சம் பேருடன் அந்த 27 பேரையும் ஒப்பிட்டார்கள். 2023-ல் முடிவு வெளியாயிற்று. ஒரே துண்டைப் பகிர்ந்தவர்கள் 41,799 பேர். இத்தனை பேரும் வாரிசுகளா? இல்லை. பெரும்பாலோர், ஆப்பிரிக்காவிலோ ஐரோப்பாவிலோ மிக முன்னர் வாழ்ந்த பொது முன்னோர் ஒருவர் வழியாக வந்த தூரத்து உறவினர். நீளமான துண்டுகளைப் பகிர்ந்தவர்கள் 2,975 பேர்தாம். அவர்களிலும் மிக நெருங்கியவர்கள் மேரிலாந்தில் திரண்டிருந்தார்கள். ஊர் மறந்த மக்களில் சிலரேனும் ஊரைவிட்டு வெகுதூரம் போகவில்லை!

இருந்தும் ஒரு குறை. எந்தக் குரோமோசோமிலும் பெயர் எழுதியிருப்பதில்லை. பெயருக்கு மறுபடியும் காகிதத்திடம்தான் வர வேண்டும். விடுதலை பெற்றவர்களுக்கென 1865 முதல் 1874 வரை நடந்த சேமிப்பு வங்கி ஒன்றின் பதிவேடுகள் இதில் பெரிய புதையல். கணக்குத் தொடங்க வந்தவரிடம் பெற்றோர் யார், உடன்பிறந்தோர் யார், பிறந்த ஊர் எது, பழைய முதலாளி யார் என்றெல்லாம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அடையாளத்துக்காகக் கேட்டவைதாம். ஆனால் முதலாளியின் பெயர் தெரிந்தால் அவருடைய உயிலைத் தேடலாம். உயிலில் 'மேரியும் இரு பிள்ளைகளும்' என்ற வரி இருக்கலாம். நீளமான துண்டைப் பகிர்ந்த இருவர் தனித்தனியே தேடி, அதே உயிலின் அதே வரியில் வந்து சந்தித்தால், அந்த மேரி யார் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

கடோக்டினின் 27 பேரை ஆய்வேடு எண்களால்தான் குறிக்கிறது.