அலியா? மார்சியானோவா?

வெவ்வேறு காலங்களில் வாழ்ந்த இரு வீரர்களை ஒரே மேடையில் ஏற்றி மோதவிடும் வல்லமை மனிதனின் நாவுக்கு மாத்திரமே உண்டு. உலக அதிபாரக் குத்துச்சண்டைச் சம்பியன்களைப் பற்றிப் பேச்செழும் இடமெல்லாம் இவ்விந்தை நிகழ்கின்றது. முகம்மது அலியும் றொக்கி மார்சியானோவும் தத்தம் முழுப்பலத்தோடு விளங்கிய நாளில் மோதியிருந்தால் வெற்றி யாருக்கு? ஜோ லூயிஸையும் மைக் டைசனையும் எதிரெதிரே நிறுத்தினால் முதலில் வீழ்பவர் யார்? இவ்வினாக்களுக்கு முடிவு கண்டவர் எவருமிலர். அதனாலேயே வாதமும் ஓய்ந்தபாடில்லை.

இவ்வழக்கை இயந்திரத்தின் துணைகொண்டு தீர்த்துவிடலாம் என ஒருவர் துணிந்தார். அமெரிக்காவின் மயாமி நகரைச் சேர்ந்த மரே வொறோனர் என்னும் வானொலித் தயாரிப்பாளரே அவர். 1967ஆம் ஆண்டில் 16 சம்பியன்களின் திறன்களை எண்களாக்கிக் கணிப்பொறியிற் புகுத்தி, அது வகுத்துக் கொடுத்த சண்டைகளை, நேரில் நிகழ்பவை போல வானொலியில் வர்ணிக்கச் செய்தார். இறுதியில் ஜாக் டெம்ப்சியை மார்சியானோ வீழ்த்தியதாகக் கணிப்பொறி தீர்ப்பளித்தது. அலியோ, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சம்பியனாக இருந்த ஜேம்ஸ் ஜெப்ரிஸிடம் தோற்று, முன்னரே வெளியேறியதாக அறிவிக்கப்பட்டது.

அன்றுவரை மேடையில் எவரிடமும் தோற்றறியாத அலிக்கு இது பொறுக்கவில்லை. தம் பெயருக்கு மாசு கற்பிக்கப்பட்டதெனக் கூறி, 10 இலட்சம் டொலர் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடர்ந்தார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. மார்சியானோவுடன் கற்பனைச் சண்டையொன்றிலே தோன்றி, அதனைத் திரைப்படமாக்க இடமளிப்பதற்கு அலி இணங்கினார்.

எண்களை மட்டும் நோக்கினால் அச்சண்டையின் முடிவு அலியின் பக்கமே சாய வேண்டும். அலியின் உயரம் 6 அடி 3 அங்குலம். மார்சியானோவின் உயரம் 5 அடி 10 அங்குலம். பாரத்தில் அலி 20 இறாத்தலுக்கு மேல் மிகுந்தவர். கைநீளத்திலும் ஏறத்தாழ 10 அங்குலம் மிகுந்தவர். ஆயினும் மார்சியானோ, ஆடிய 49 சண்டைகளிலும் தோல்வி காணாதவர். 1952 செப்டெம்பரில் ஜேர்சி ஜோ வோல்கொட்டை எதிர்த்தபோது முதற் சுற்றிலேயே தரையில் வீழ்ந்தார். 12 சுற்றுகள் முடிந்தபோது புள்ளிகளிலும் பின்தங்கி நின்றார். 13ஆம் சுற்றில் வலக்கையால் விட்ட ஒரே குத்து அவரை உலகச் சம்பியனாக்கியது. அக்குத்து எந்தக் கணத்தில் விழும் என்பதை எந்த அட்டவணையிற் பதிவது?

‘இவரை வென்றவர் அவர், ஆகவே அவரே வல்லவர்’ என்னும் கணக்கும் இங்கே செல்லாது. 1971 மார்ச்சில் ஜோ பிரேசியர் 15 சுற்றுகள் போராடி அலியை வென்றார். 1973 ஜனவரியில் அந்தப் பிரேசியரை ஜோர்ஜ் போர்மன் இரண்டே சுற்றுகளில் ஆறு முறை வீழ்த்தினார். அவ்வாறாயின் அலி போர்மனிடம் நொறுங்கியிருக்க வேண்டுமன்றோ? 1974 ஒக்டோபரில் கின்ஷாசா நகரில் நிகழ்ந்ததோ வேறு. அலி கயிற்றிலே சாய்ந்து குத்துகளைத் தாங்கி, போர்மனைக் களைப்புறச் செய்து, 8ஆம் சுற்றில் வீழ்த்தினார். ஒருவனது வலிமை அவனுள்ளே மட்டும் அடங்கியதன்று. எதிரே நிற்பவன் எத்தகையவன் என்பதைப் பொறுத்தே அது பெருகும் அல்லது குன்றும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘முழுப்பலம்’ என்று நாம் குறிப்பது எந்த நாளை? 1938 ஜூன் மாதத்தில் மக்ஸ் ஷ்மெலிங்கை முதற் சுற்றிலேயே வீழ்த்திய ஜோ லூயிஸ் ஒருவர். 1951 ஒக்டோபரில், தமது 37ஆம் வயதில், மார்சியானோவின் குத்துகளால் 8ஆம் சுற்றிற் சாய்ந்த ஜோ லூயிஸ் வேறொருவர். பெயர் ஒன்றே, மனிதர் இருவர். ‘லூயிஸை மார்சியானோ வென்றார்’ என்று ஏட்டில் இருப்பது உண்மை. அதைக் கொண்டு முன்னைய லூயிஸையும் அவர் வென்றிருப்பார் எனத் துணிவது எவ்வாறு?

திரைப்படத்தின் கதைக்கு மீள்வோம். 1969ஆம் ஆண்டில் மார்சியானோவுக்கு வயது 45. ஓய்வு பெற்று 13 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் ஏறத்தாழ 50 இறாத்தல் உடலைக் குறைத்து, தலைக்குப் பொய்முடி அணிந்து மேடையேறினார். இருவரும் ஒவ்வொரு நிமிடச் சுற்றுகளாகப் பல சுற்றுகள் நடித்தனர். முடிவுகள் பலவும் படமாக்கப்பட்டன. எது திரைக்கு வருமென்று நடித்தவர்க்கே தெரியாது. 1970 ஜனவரி 20ஆம் நாள் இரவு படம் திரையிடப்பட்டபோது அமெரிக்க மக்கள் கண்டது 13ஆம் சுற்றில் மார்சியானோ வெல்வதை. ஐரோப்பாவிற் சிலர் கண்டதோ அலி வெல்வதை! இயந்திரத்தின் தீர்ப்பும் ஊருக்கு ஏற்றபடி மாறியது.

அம்முடிவைக் காண மார்சியானோ உயிரோடிருக்கவில்லை. 1969 ஓகஸ்ட் 31ஆம் நாள், தமது 46ஆம் பிறந்த நாளுக்கு முன்தினம், விமான விபத்தில் அவர் மாண்டார்.

அலியின் இழப்பு வேறு வகையானது. வியட்நாம் போர் நடந்த வேளையில், 1967 ஏப்ரிலில், இராணுவத்திற் சேர மறுத்தமையாற் பட்டம் பறிக்கப்பட்டு, மேடையேறும் உரிமையும் இழந்திருந்தார் அவர். 1970 ஒக்டோபரிலேயே மீண்டும் மெய்யான சண்டையில் இறங்கினார். 25 வயது முதல் 28 வயது வரை, ஒரு வீரனின் கால் விரைவும் கைவன்மையும் ஒருங்கே கூடிநிற்கும் காலம் அவ்வாறு கழிந்தது. ‘முழுப்பலத்தோடு இருந்த அலி’ என வாதிடுவோர் தேடும் அந்த மனிதர் அவ்வாண்டுகளில் யாரோடும் பொருதவில்லை. 27 வயது அலி மேடையில் கால்பெயர்த்து ஆடுவதைக் காண விரும்புவோர், இன்றும் அந்தப் பொய்ச் சண்டைப் படத்தையே நாட வேண்டியிருக்கின்றது.