பெயரிடுதலும் எந்திரமும்

பேரில் என்ன இருக்கு, அது பொருளின் மேல் ஒட்டுகிற சீட்டுதானே என்பவர்கள் உண்டு. கணினிக்குள்ளாவது அது உண்மையாக இருக்கும் என்று நம்புகிறோம். எந்திரத்துக்கு ஏது அரசியல்? இயங்குதளங்கள் சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் முறையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸில் சாதனம் என்பதும் ஒரு கோப்புதான். வட்டு, முனையம், அச்சுப்பொறி எல்லாம் 'டெவ்' என்ற அடைவுக்குள் பெயர்களாக நிற்கின்றன. பின்னால் வந்த லினக்ஸும் இதையே எடுத்துக்கொண்டது. ஆனால் பெயர் நமக்குத்தான். கெர்னல் பார்ப்பது இரண்டு எண்களை: எந்த இயக்கி என்று சொல்லும் முதன்மை எண், அதன்கீழ் எந்தச் சாதனம் என்று சொல்லும் துணை எண். எந்த எண் எதற்கு என்று லினக்ஸ் ஒரு பதிவேடே வைத்திருக்கிறது. அதில் 1, 3 என்ற எண்களுக்குரியது 'நல்'. அதன் பின்னால் எந்த வன்பொருளும் கிடையாது. எழுதுவதையெல்லாம் விழுங்கும், வாசித்தால் ஒன்றும் தராது. ஆனாலும் வட்டுக்குள்ள அதே அந்தஸ்து அதற்கும் உண்டு. மறுபுறம், இயக்கி எழுதப்படாத அட்டை கண்ணெதிரே செருகியிருந்தாலும் அந்த அடைவில் இடம்பெறாது. ஆக, இங்கே இருப்பை உறுதிசெய்வது உடம்பு அல்ல, பதிவு.

வலை அட்டை ஒரு விதிவிலக்கு. லினக்ஸில் அதற்குக் கோப்பு கிடையாது, பெயர் மட்டும்தான். முன்பு ஈத்0, ஈத்1 என்று கண்டுபிடிக்கப்பட்ட வரிசையில் வைத்தார்கள். வரிசை மாறினால் பெயரும் மாறிவிடும். ஒரு வாசலுக்குப் போட்ட காவல் விதி இன்னொரு வாசலில் போய் நிற்கும். 2013இல் சிஸ்டம்டி, அட்டை செருகப்பட்ட இடத்தைக் கொண்டு பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஓப்பன்பிஎஸ்டியில் இயக்கியின் பெயரே சாதனத்தின் பெயர். அதே பெயரில் கையேட்டின் 4ஆம் பகுதியில் விளக்கமும் இருக்கும். வந்த வரிசை, இருக்கும் இடம், இயக்குவது எது: ஒவ்வொரு முறைக்குள்ளும் ஒரு பார்வை ஒளிந்திருக்கிறது.

அந்தப் பார்வை எப்போதும் அப்பாவியானது அல்ல. ஒரே கேபிளில் இணைந்த இரண்டு ஐடிஇ வட்டுகளை 'எஜமான்', 'அடிமை' என்றார்கள். உண்மையில் அவற்றில் ஒன்று மற்றதை ஆள்வதே இல்லை. தொழில்நுட்பத் தேவை எதுவும் இந்தச் சொற்களைக் கேட்கவில்லை. அடிமைமுறை நடந்த சமூகத்தின் மொழியில் அவை சும்மா கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன. 2003இல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி நிர்வாகம் இவற்றைத் தவிர்க்கும்படி விற்பனையாளர்களைக் கேட்டபோது பலர் கேலி செய்தார்கள். 2020 ஜூலையில் லினக்ஸ் கெர்னலின் எழுத்துமுறை விதிகளே புதிய நிரல்களில் இவை வேண்டாம் என்றன. ஆனால் பழைய இடைமுகங்களுக்கு விலக்கு உண்டு: அவற்றை நம்பியிருக்கும் நிரல்கள் உடைந்துவிடுமாம்.

காரணம் நியாயமானதுதான். ஆனால் 'மாற்றினால் எல்லாம் உடைந்துவிடும்' என்ற வாதம் நமக்குப் புதிதா? யார் வைத்த பெயர், யாருக்காகக் காப்பாற்றப்படுகிறது என்று எந்திரத்திடமும் கேட்டுத்தான் ஆகணும்.