இருபதில் நான்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுக்கோட்டை மாவட்டத்தில் 16,18,345 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் 18 வயது கடந்தவர்கள் என்று கொண்டால் 10.8 லட்சம். 2015-16இல் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, பெரியவர்களில் 0.4% பேருக்கு மனச்சிதைவு அல்லது அதையொத்த தீவிர மனநோய் அப்போது இருந்ததாகக் கண்டது. அந்த விகிதம் இங்கும் பொருந்துமானால் 4,300 பேர். ஆய்வில் இவர்களுள் முக்கால்வாசிப் பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். மாவட்டக் கணக்கில் 3,200 பேர். இது நேரில் எண்ணியதல்ல, பெருக்கிப் பார்த்த மதிப்பீடு.

மனச்சிதைவை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை ஒன்றுகூடக் கிடையாது. மருத்துவருக்குப் பெரும் சான்று பேச்சுதான். அமெரிக்க மனநல மருத்துவர் நான்சி ஆண்ட்ரியாசன் 1979இல் பேச்சுக் கோளாறுகளை 18 வகையாகப் பிரித்தார்: கேட்ட கேள்வியை விட்டு விலகுவது, யாருக்கும் புரியாத புதுச்சொல் படைப்பது, ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுவது என்று நீளும் பட்டியல் அது. 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல நிறுவனம், 2010இல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு மருந்தகத்துடன் கூடிய பேருந்தை அனுப்பியது. மருத்துவர் இருந்தது ஏறத்தாழ 390 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில், காணொளித் திரையில். அந்தத் தூரத்தைக் கடந்து அவரிடம் போய்ச் சேர்ந்ததில் முதன்மையானது நோயாளியின் பேச்சு.

நியூயார்க்கில் தீவிர மனநோய் வரும் வாய்ப்புள்ள 34 இளையோரின் பேச்சைக் கணினி அலசிய ஆய்வு 2015இல் வெளிவந்தது. இரண்டரை ஆண்டுக்குள் நோய் கண்ட 5 பேரையும் அது பேச்சை வைத்தே பிரித்துக் காட்டியது. 34 சிறிய எண். முடிவை அந்த அளவுக்கே கொள்ள வேண்டும்.

நோயறிய இவ்வளவு உதவும் பேச்சுக்கு, மனநோயாளிகளின் மாற்றுத்திறனாளி சான்றுக்கான ‘ஐடியாஸ்’ அளவுகோலில் கிடைப்பது 20க்கு 4. தன்னைப் பேணல், பிறரோடு பழகல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்குக்கும் பாதிப்பைப் பொறுத்து தலா 4 மதிப்பெண் வரை. நோயின் கால அளவுக்கு 1 முதல் 4 வரை. 40% ஊனம் என்று ஏற்க 7 தேவை. பேச்சு மட்டும் முற்றிலும் குலைந்த ஒருவருக்கு இரண்டு ஆண்டுக்குள் 4+1=5; ஐந்தாம் ஆண்டிலும் 4+2=6. ஆறாம் ஆண்டில்தான் 4+3=7. பேச்சு குலைந்தவருக்குப் பிறரோடு பழகலும் வேலையும் தப்புவது அரிது என்பதால் பலர் முன்பே 7ஐத் தொடக்கூடும். ஆனாலும் பேச்சுக்கு இந்த எடை குறைவு என்பதே என் கருத்து.

வீட்டில் ஒருவரின் பேச்சு எந்த ஆண்டு, எந்த மாதம் தடம் மாறியது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். நோயின் கால அளவுக்கான 1 முதல் 4 வரையிலான அந்த மதிப்பெண்ணைத் தீர்மானிக்க அந்தக் குறிப்பு உதவும்.