ரோபோ சத்திரசிகிச்சையும் சிறுநீர்க் கட்டுப்பாடும்: நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்ததும் குடும்பத்தார் முதலில் கேட்பது உயிருக்கு ஆபத்தா என்பதைத்தான். நோயாளியின் மனதில் வேறு கேள்விகளும் இருக்கும். சுரப்பியை எடுத்தால் சிறுநீரை அடக்க முடியுமா? வுழூ நிலைக்குமா? ஜமாஅத்துக்குப் போகலாமா? வெட்கத்தினால் பலர் இவற்றை வைத்தியரிடம்கூடக் கேட்பதில்லை. "ரோபோ மூலம் செய்தால் அந்தப் பிரச்சினையே வராதாம்" என்று யாரோ சொன்னதை நம்பி, காணியை விற்றாவது வெளிநாடு போக நினைப்பவர்களும் உண்டு. நான் வைத்தியர் அல்ல, விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியன். ஆனால் உடலின் அமைப்பை விளங்கிக்கொண்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

புரொஸ்டேட் சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே இருக்கிறது. சிறுநீர்க்குழாய் அதன் நடுவாகச் செல்கிறது. சிறுநீரைத் தடுக்க இரண்டு தசை வளையங்கள் உள்ளன. ஒன்று சிறுநீர்ப்பையின் கழுத்தில், நம் விருப்பமின்றித் தானாக இயங்குவது. மற்றது புரொஸ்டேட்டுக்குக் கீழே, நாம் விரும்பி இறுக்கக்கூடியது. சுரப்பியை அகற்றும்போது அதனூடாகச் செல்லும் குழாய்ப் பகுதியும் போய்விடும். மேல் வளையமும் பெரும்பாலும் பாதிக்கப்படும். பிறகு சிறுநீர்ப்பையை மீதிக் குழாயுடன் இணைத்துத் தைப்பார்கள். அதன்பின் சுமை முழுவதும் கீழ் வளையத்தின் மேல்தான்.

ஆகவே திறமையான வைத்தியர் சில விடயங்களில் கவனம் செலுத்துவார். கீழ்ப் பகுதியில் சிறுநீர்க்குழாயை இயன்றளவு நீளமாக விட்டுவைப்பார். சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சிதைக்காமல் பிரிப்பார். சுரப்பியின் இருபுறமும் ஒட்டிச் செல்லும் நரம்புக் கற்றைகளைக் காப்பாற்றுவார். இந்த நரம்புகளைக் காக்கும் முறையை 1982இல் அமெரிக்க வைத்தியர் பெட்ரிக் வோல்ஷ் செய்து காட்டினார். அப்போது ரோபோ இருக்கவில்லை. 2010இல் இத்தாலியின் மிலான் நகர வைத்தியர் பொச்சியார்டி, முன்புறத் தாங்கு இழையங்களைத் தொடாமல் பின்புறமாகச் சுரப்பியை எடுக்கும் முறையை வெளியிட்டார். அதில் சிறுநீர்க் கட்டுப்பாடு விரைவாகத் திரும்புகிறது. ஆனால் எல்லோருக்கும் எல்லாவற்றையும் காக்க முடியாது. புற்றுநோய் நரம்பை நெருங்கியிருந்தால் நரம்பை விடத்தான் வேண்டும். நோயை முழுமையாக நீக்குவதே முதல் நோக்கம்.

ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. அதை இயக்குவது வைத்தியரின் கைதான். பெரிதாக்கிய முப்பரிமாணக் காட்சி, கைநடுக்கம் வடிகட்டப்பட்ட நுண்ணிய அசைவு, குறைந்த இரத்த இழப்பு ஆகியவை அதன் நன்மைகள். அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ரோபோ முறையையும் திறந்த முறையையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வு 2016இல் லான்செட் சஞ்சிகையில் வெளியானது. 12 வாரங்களில் சிறுநீர்க் கட்டுப்பாட்டில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. இரண்டு வருடங்களின் பின்னரும் அதே நிலைதான். எனவே இயந்திரத்தைவிட அதை இயக்குபவரின் அனுபவமே முக்கியம்.

சத்திரசிகிச்சையின் பின் சிறுநீர் வடிகுழாயைக் கழற்றியதும் கசிவு ஏற்படுவது வழமை. பெரும்பாலானோருக்கு மாதக்கணக்கில் படிப்படியாகக் குறையும். இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, அதாவது காற்றை அடக்குவதுபோல் தசையை இறுக்கித் தளர்த்துவது, இதற்கு உதவும். சத்திரசிகிச்சைக்கு முன்பே இதைக் கற்றுக்கொள்வது நல்லது. வடிகுழாய் உள்ளபோது செய்யக்கூடாது. ஒரு வருடம் கடந்தும் கடுமையான கசிவு இருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு.

இந்த இடைக்காலத்தில் தொழுகையை விட்டுவிட வேண்டியதில்லை. தொடர்ந்து சிறுநீர் கசிபவர் தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, அணையாடை கட்டி, ஒவ்வொரு பர்ளுக்கும் வுழூச் செய்து தொழலாம் என்பது ஷாபிஈ மத்ஹபின் சலுகை. விபரங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

வைத்தியரிடம் போகும்போது இந்த நான்கு கேள்விகளையும் எழுதிக்கொண்டு போங்கள். இந்தச் சத்திரசிகிச்சையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? ஒரு வருடத்தின் பின் அவர்களில் எத்தனை பேர் அணையாடை இல்லாமல் இருக்கிறார்கள்? என் நரம்புகளைக் காக்க முடியுமா? பயிற்சியை யார் கற்றுத்தருவார்? காணியை விற்பதா இல்லையா என்பதை இந்த விடைகள் கிடைத்த பின் தீர்மானிக்கலாம். மார்க்க விடயங்களிலும் உடல் விடயங்களிலும் கேட்டு அறிவதில் வெட்கமில்லை.