அறிவியல் உளவு பிறந்த கதை

ஒற்றன் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? மாறுவேடம், நள்ளிரவுப் பயணம், திருடிய வரைபடம், இல்லையா? ஆனால், இயற்பியல் படித்த ஓர் இளைஞர் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே பகைநாட்டின் பெரிய இரகசியம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்தக் கதையைக் கேளுங்கள்.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. எதிரியிடம் எத்தனை விமானங்கள், எத்தனை கப்பல்கள் என்று கணக்கிடுவதில் உளவுத் துறையினர் கைதேர்ந்தவர்கள். ஆனால் எதிரி உருவாக்கும் புதுக் கருவிகளைப் புரிந்துகொள்ள அறிவியல் தெரிந்தவர் வேண்டுமே! அந்த மாதமே பிரிட்டிஷ் விமானப்படையின் உளவுப் பிரிவில் ஆர். வி. ஜோன்ஸ் என்ற இயற்பியலார் சேர்ந்தார். அறிவியல் உளவு என்னும் துறை அவரோடு வேர்விட்டது.

1940இல் அவருக்கு ஒரு புதிர் வந்தது. வீழ்ந்த ஜெர்மன் விமானம் ஒன்றில் கிடைத்த தாளில் 'க்னிக்கெபைன்' என்ற சொல் இருந்தது. 'வளைந்த கால்' என்பது அதன் பொருள். பின்னர் பிடிபட்ட சங்கேதச் செய்தி ஒன்றில் அதே சொல்லுடன் ஜெர்மனியின் க்ளேவே நகரின் பெயரும், இங்கிலாந்தில் உள்ள ஓர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் இருந்தன. சிறைப்பட்ட விமானி ஒருவர் தம் தோழரிடம், "எவ்வளவு தேடினாலும் அந்தக் கருவி இவர்களுக்கு அகப்படாது" என்ற பொருளில் பேசியதும் ஒட்டுக்கேட்கப்பட்டது.

அகப்படாது என்றால், அது கண்முன்னே இருக்கிறது என்றல்லவா பொருள்? ஜோன்ஸ் அப்படித்தான் நினைத்தார். மூடுபனியில் தரையிறங்க உதவும் சாதாரண வானொலி ஏற்பி அந்த விமானங்களில் இருந்தது. அதைச் சோதித்த பொறியாளரை விசாரித்தார். தரையிறங்கத் தேவைப்படுவதைவிட அந்த ஏற்பி பல மடங்கு நுட்பமானது என்று பதில் வந்தது. அப்படியானால் அது வெகுதொலைவிலிருந்து வரும் அலைகளைப் பிடிப்பதற்காகவே இருக்க வேண்டும்!

அந்த முறை இதுதான். ஒரே நிலையத்திலிருந்து இரண்டு வானொலிக் கற்றைகள் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு செல்கின்றன. ஒன்றில் 'டிட், டிட்' என்ற குறுகிய ஒலி. மற்றதில் 'டா, டா' என்ற நீண்ட ஒலி. ஒன்றின் இடைவெளியை மற்றது சரியாக நிரப்பும். ஆகவே நடுக்கோட்டில் பறக்கும் விமானிக்கு இடைவிடாத ஒரே ஒலி கேட்கும். ஒரு பக்கம் விலகினால் 'டிட்' மேலோங்கும். மறுபக்கம் விலகினால் 'டா' மேலோங்கும். வேறொரு நிலையத்திலிருந்து வரும் கற்றை குறுக்கே வெட்டும் இடத்தில் குண்டு போட வேண்டும். இருட்டிலும் மேகத்திலும் இலக்குத் தவறாது.

ஆனால் நிபுணர்கள் ஒரு தடை எழுப்பினர். இதன் அதிர்வெண் சுமார் 30 மெகாஹெர்ட்ஸ். 300ஐ 30ஆல் வகுத்துப் பாருங்கள். அலைநீளம் 10 மீட்டர். இத்தகைய சிற்றலைகள் ஏறக்குறைய ஒளியைப் போல் நேராகச் செல்பவை. பூமியோ உருண்டை. 6,000 மீட்டர் உயரத்தில் பறப்பவருக்கும் அடிவானம் சுமார் 280 கிலோமீட்டர் தொலைவில்தான். க்ளேவேயிலிருந்து நடு இங்கிலாந்து 400 கிலோமீட்டருக்கும் அப்பால்! அலை எப்படி எட்டும்?

1940 ஜூன் 21 அன்று, பிரதமர் சர்ச்சில் முன்னிலையில் 28 வயது ஜோன்ஸ் தம் சான்றுகளை வரிசையாக எடுத்துரைத்தார். வாதம் செய்து முடிவு காண முடியாது. அளந்து பார்க்க வேண்டும். அன்றிரவே ஒரு சிறு விமானம் ஏற்பியுடன் கிளம்பியது. ஸ்பால்டிங் என்ற ஊருக்கு அருகே, 31.5 மெகாஹெர்ட்ஸில், அரைக் கிலோமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் கற்றை அகப்பட்டது! அலைகள் பூமியின் வளைவையொட்டிச் சிறிது வளையவே செய்தன. வலுக்குறைந்த அந்த மிச்சத்தைப் பிடிக்கத்தான் அவ்வளவு நுட்பமான ஏற்பி.

கற்றையைக் குழப்ப உடனே கருவி வேண்டும். மருத்துவமனைகளில் உடலுக்கு வெப்பம் ஊட்டும் டையதெர்மி கருவிகளைக் கொண்டே முதலில் இரைச்சல் எழுப்பினார்கள்.

ஜெர்மானியர் சும்மா இருக்கவில்லை. இன்னும் துல்லியமான கற்றை முறை ஒன்றைக் கொண்டுவந்தனர். அதன் ஏற்பியில் ஒரு வடிகட்டி உண்டு. வினாடிக்கு 2,000 அதிர்வுகள் உள்ள ஒலிக்கு மட்டுமே அது வழிவிடும். பிரிட்டிஷ் குழப்பிகளோ 1,500 அதிர்வுகளில் அமைக்கப்பட்டிருந்தன. வடிகட்டி அந்த இரைச்சலைத் தடுத்துவிட்டது. 1940 நவம்பர் 14 இரவு கோவென்ட்ரி நகரின் நடுப்பகுதி எரிந்தது. 500 பேருக்கு மேல் மாண்டனர். கடற்கரையில் வீழ்ந்த விமானமொன்றின் ஏற்பியைச் சோதித்த பிறகே தவறு வெளிப்பட்டது. தவறு நேராதிருந்தால் நகரம் தப்பியிருக்கும் என்று அறுதியிட முடியாது. அன்று நிலவொளி வேறு இருந்தது. எனினும் ஒரு தடுப்பு பயனற்றுப் போனது உண்மை.

போருக்குப் பின் ஜோன்ஸ் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் இசைக்கவையின் அதிர்வெண்ணைக் காணும்போது, "ஏறக்குறைய சரிதான்" என்று எழுதிவிடாதீர்கள். இன்னொரு முறை அளந்து பாருங்கள்.