அம்மா போன விமானம் ஏன் வடக்கே போச்சு?

இன்னைக்கு எபிசோட் ஒரு தேங்காயில ஆரம்பிக்குது.

2023 ஜூன். சான் பிரான்சிஸ்கோ பக்கத்துல இருக்கிற அக்காவுக்குப் பிரசவ நேரம். துணைக்கு அம்மா கிளம்பினாங்க. முதல் விமானப் பயணம், அதுவும் தனியா. டெல்லியில மாறி, அங்கிருந்து நேரா சான் பிரான்சிஸ்கோ.

அப்போதான் ஒரு செய்தி வந்திருந்தது. ஜூன் 6ஆம் தேதி, இதே டெல்லி - சான் பிரான்சிஸ்கோ ஏர் இந்தியா விமானம் இன்ஜின் கோளாறால ரஷ்யாவோட மகதான் நகரத்துல இறங்கிடுச்சு. 216 பயணிகள், 16 ஊழியர்கள். மாற்று விமானம் வர்ற வரைக்கும் அங்கேயே காத்திருந்தாங்க. "அமெரிக்கா போறவங்க ரஷ்யாவுல என்ன பண்றாங்க?"ன்னு நானும்தான் நினைச்சேன்.

அம்மா ஏறின ராத்திரி, பேராவூரணி வீட்டுத் திண்ணையில நானும் அப்பாயியும் போன்ல விமானத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தோம். அது முதல்ல மேற்கே சாய்ஞ்சு, அப்புறம் வடக்கே ஏறிக்கிட்டே போகுது.

"ஏய்யா, அமெரிக்கா ஜப்பானுக்கும் கெழக்காலன்னு சொன்னே. இவன் ஏன் வடக்கால போறான்?"

எனக்குப் பதில் தெரியல. சரின்னு சொல்லி வெச்சேன். அன்னைக்கு ராத்திரி படிச்சதைத்தான் இப்போ சொல்லப்போறேன்.

தேங்காயும் நூலும்

எங்க ஊர்ல தேங்காய்க்குப் பஞ்சமில்ல. 2018 கஜா புயல்ல போன மரங்கள் போக மிச்சம் இருக்கு. உரிச்ச தேங்காய் ஒண்ணு எடுத்துக்கோங்க. கண் இருக்கிற பக்கம் மேலே, அதுதான் வட துருவம். நடுவுக்குக் கொஞ்சம் மேலே சாக்பீஸால ஒரு புள்ளி, அது டெல்லி. சான் பிரான்சிஸ்கோ கிட்டத்தட்ட அதுக்கு எதிர்ப்பக்கம். ரெண்டுக்கும் நடுவுல தீர்க்கரேகைக் கணக்குல 160 டிகிரி. அங்கே இன்னொரு புள்ளி.

இப்போ ஒரு நூலைப் பக்கவாட்டுல சுத்தி ரெண்டையும் சேருங்க. அப்புறம் இழுத்துப் பிடிங்க. நூல் நழுவி மேலே, கண்ணு பக்கமா ஏறும். ஏன்னா குறைஞ்ச தூரம் அந்த வழிதான். வயலைச் சுத்தி ரோட்டுல போகாம வரப்புல குறுக்கே போற மாதிரி.

தேங்காயைச் சரிபாதியா உடைச்சா வர்ற விளிம்பு இருக்குல்ல, உருண்டை மேல வரையக்கூடிய மிகப்பெரிய வட்டம் அதுதான். இதைத்தான் பெருவட்டம்னு சொல்றாங்க. எந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல குறைஞ்ச தூரம், பெருவட்டத்தோட ஒரு துண்டு.

அப்போ வரைபடம் பொய் சொல்லுதா? அது உருண்டையைத் தட்டையா விரிச்ச படம். நிலநடுக்கோட்டுல உலகத்தைச் சுத்த 40,000 கிலோமீட்டர். 60 டிகிரி வடக்குல சுத்தினா 20,000தான். ஆனா படத்துல ரெண்டும் ஒரே நீளக் கோடு. அதனால வடக்கு வழி நீளமாத் தெரியுது.

டெல்லியிலிருந்து படத்துல ஸ்கேல் வெச்சு நேர்கோடு போட்டா ஷாங்காய் பக்கமா, பசிபிக் வழியா சுமார் 15,000 கிலோமீட்டர். பெருவட்டத்துல சுமார் 12,400. அந்தக் கோடு 75 டிகிரி வடக்கு வரைக்கும் ஏறி இறங்குது. மிச்சம் 2,600 கிலோமீட்டர், கிட்டத்தட்ட மூணு மணி நேரம்.

நூல் மாதிரியே போக முடியுமா?

முடியாது. முதல் தடை திபெத். விமானத்துக்குள்ள காற்றழுத்தம் போச்சுன்னா உடனே 10,000 அடிக்கு, அதாவது சுமார் 3,000 மீட்டருக்கு இறங்கணும். பயணிகளோட முகமூடியில ஆக்சிஜன் கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும். ஆனா திபெத்துல தரையே சராசரியா 4,500 மீட்டர் உயரம். எங்கே இறங்குறது? அதனாலதான் அம்மா விமானம் முதல்ல மேற்கே சாய்ஞ்சது.

ரெண்டாவது, காற்று. 2016 அக்டோபர்ல ஏர் இந்தியா இதே பயணத்தை பசிபிக் வழியா மாத்திச்சு. தூரம் 15,000 கிலோமீட்டருக்கு மேல. ஆனா மேற்கிலிருந்து கிழக்கே வீசுற பலமான காற்று பின்னாலிருந்து தள்ளினதால, பழைய அட்லாண்டிக் வழியைவிடச் சீக்கிரமே போய்ச் சேர்ந்தது. சுமார் பதினாலரை மணி நேரம்! தூரம் குறைவுன்னா நேரமும் குறைவுன்னு நினைச்சுடாதீங்க.

மூணாவது, எல்லை. 2022லிருந்து அமெரிக்க விமான நிறுவனங்கள் ரஷ்யா மேல பறக்க முடியல. ஏர் இந்தியா பறந்துச்சு. 2025 ஏப்ரல் 24 அன்னைக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடினதும், டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போற சில விமானங்கள் வியன்னாவில இறங்கி எரிபொருள் போட்டுக்கிட்டுப் போக வேண்டியதாச்சு.

ஆக, அந்த மகதான் விமானம் வழி தவறிப் போகல. அதோட வழியே அங்கேதான்.

மறுநாள் காலையில தேங்காயை வெச்சு அப்பாயிக்கு இதையெல்லாம் காட்டினேன். நூல் மேலே நழுவினதும், "அட, தானா போவுது பாரு"ன்னாங்க. ஆனாலும் அம்மா குரல் கேட்கிற வரைக்கும் காபி குடிக்கல.

சாயங்காலம் போன் வந்துச்சு. "எறங்கிட்டேன்டா. ஜன்னல் வழியா பாத்தா பூரா வெள்ளை வெளேர்னு பனி. அது எந்த ஊருடா?"

அப்பாயி அந்தத் தேங்காயைக் கேட்டு வாங்கிட்டாங்க. நீலகண்டப் பிள்ளையார் கோயில்ல சிதறு தேங்காய் போடணுமாம். சாக்பீஸ் புள்ளியைக்கூட அழிக்கல.

நீங்களும் ஒரு தேங்காயில செஞ்சு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.